எலும்பில்லாத மன்னிப்பு

மாங்கரே,
9 பெப்ரவரி 2025

யசீகரன் அவர்களுக்கு,

ஆறு வருடங்களுக்கு முன்பு அப்பாவின் செத்தவீட்டில், மண்டப வாசலில் நின்றுகொண்டு "குடும்பத்து ஆக்கள் மட்டுந்தான் உள்ளுக்கு" என்று என்னிடம் சொன்னவர் நீங்கள். மரண அறிவித்தலை எழுதியவரும் நீங்கள்தான். அதில் அப்பாவுக்கு ஒரு மகன் இருந்தான், மகள் என்று ஒருத்தியும் இல்லை. ஆகவே இதைத் தங்கச்சியின் கடிதமாக வாசிக்க வேண்டாம். ஹேமியின் மனைவியாக, இந்த நாட்டின் பூர்வகுடியான அவருடைய குலத்துக்கு வாழ்க்கைப்பட்டவளாக எழுதுகிறேன்.

அரசாங்கம் எங்கள் குலத்திடம் கேட்கப்போகும் மன்னிப்பின் மூன்றாவது வரைவு போன கிழமை வந்தது. ஹேமி பேச்சுவார்த்தைக் குழுவில் இருப்பதால் எங்கள் குசினி மேசைக்கும் ஒரு பிரதி வந்து சேர்ந்தது. கூட வந்த தாளில் எழுதியவரின் பெயர்: யசீகரன் விநாயகமூர்த்தி. என் மாமியார் மேரே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். "இது உன் அண்ணனா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவருடைய முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். "அப்படியென்றால் நல்லது. நீ கேட்டால் செய்வார்" என்றார். உங்களைத் தெரியாததால் வந்த நம்பிக்கை.

மேரே கேட்பது ஒரு வரி. மலையின் கதையை அறிக்கைகளில் படித்திருப்பீர்கள். அவருடைய முன்னோரை அந்த மலையின் குகைகளில்தான் வைத்தார்கள். அரசாங்கம் மலையை எடுத்துக் கல்லுடைத்தது. சிவப்புக் கல்லோடு எலும்புகளும் லொறியில் ஏறித் தெருவாகிவிட்டன. மேரேயின் தாய் அப்போது சிறுமி. லொறிக்குப் பின்னால் ஓடியிருக்கிறார். லொறியில் இருந்து விழுந்ததில் அவர் கையில் அகப்பட்டது ஒரு சின்னப் பிள்ளையின் தாடை. அதைச் சட்டையில் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

உங்கள் வரைவில் இருப்பது இது: "பண்பாட்டு முக்கியத்துவம் வாய்ந்த இடங்களுக்கு நேர்ந்த பாதிப்பை அரசு ஏற்றுக்கொண்டு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறது." மேரேக்கு வேண்டியது இது: "உங்கள் முன்னோரின் எலும்புகளைப் போட்டு நாங்கள் தெருப் போட்டோம்." அமைச்சரின் வாயால் அதைக் கேட்கவேண்டும். அவருக்கு எண்பத்து மூன்று வயது. சிறுநீரகம் இரண்டும் பழுது. இரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். குளிர்காலம் தாண்டுவது கஷ்டம் என்கிறார் டாக்டர்.

பதில் எழுதுவதானால் தபாலில் எழுதுங்கள். அலுவலக மின்னஞ்சலை யார் கேட்டாலும் சட்டப்படி எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் எண்ணை நான் தொலைபேசியில் தடுத்து வைத்திருக்கிறேன்.

பிரணவி


ஆல்பனி,
19 பெப்ரவரி 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

உறையில் உன் கையெழுத்தைக் கண்டதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் நம்பமாட்டாய். அப்பாவின் செத்தவீட்டில் நடந்தவை எல்லோருக்கும் மனவருத்தம் தந்தவைதான். அந்த நேரத்துச் சூழல் அப்படி. அதைப் பற்றி நேரில் கதைப்போம்.

நீ கேட்ட வரியைப் பற்றி. மன்னிப்பு உரை எழுதுவது ஏறக்குறையச் சமையல் மாதிரி. வருத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிப் போடலாம், ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். விவரம் உப்பு மாதிரி. கை தவறினால் ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள். எலும்பு என்று எழுதினால் அடுத்த கேள்வி, எந்தத் தெரு? அதற்கடுத்தது, தோண்டித் தருவீர்களா? அந்தத் தெருவில் இன்றைக்கு பஸ் ஓடுகிறது. இரண்டு பக்கமும் வீடுகள். மோட்கேஜ் கட்டுகிற சனம் இருக்கிறது, அதில் எங்கள் சனமும் உண்டு. சட்டப் பிரிவுக்காரர் அந்தச் சொல்லைக் கண்டால் நடுங்குவார்கள்.

இன்னொன்றும் உனக்குத் தெரியவேண்டும். இந்த வேலையைத் தரும்போது, அந்தக் குலத்தில் எனக்கு உறவு யாரும் உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்பா தலைமுழுகின பிள்ளை நீ. அதனால் அதை முழுப் பொய் என்றும் சொல்லமுடியாது. இப்போது யாராவது போய்ச் சொன்னால் என்னை எடுத்துவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். அவர் முதலில் இருந்து தொடங்குவார். ஒரு வருடம் போய்விடும். மேரே அம்மாவிடம் ஒரு வருடம் இருக்கிறதா என்பதை நீயே யோசி.

நான் அந்த வரியை மேலே கொண்டுபோகிறேன். என் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. நீ எனக்கு ஒரு காரியம் செய். மார்ச் 16 அம்மாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள். மவுண்ட் ரோஸ்கில்லில் மண்டபம் எடுத்திருக்கிறோம். உன் மகள் ஹேராவையும் கூட்டிக்கொண்டு வா. எல்லோருக்கும் முன்னால் அம்மாவின் காலில் விழுந்து, பிழை என்று ஒரு வார்த்தை சொல். அம்மா அதற்காகத்தான் உயிரை வைத்துக்கொண்டிருக்கிறா. ஹேமி இப்போதைக்கு வேண்டாம். சனம் கதைக்கும்.

அன்புடன்,
அண்ணா


மாங்கரே,
26 பெப்ரவரி 2025

யசீகரன் அவர்களுக்கு,

எங்கள் கலியாணத்துக்கு முன்பு அப்பா ஹேமியை ஒரேயொரு தரம் பார்த்தார். "காட்டுச் சனம்" என்றார். பிறந்த நிலத்தைப் பறிகொடுத்து, ஒரு பெட்டியோடு இந்த நாட்டில் வந்து இறங்கிய மனிதர், இதே மண்ணில் நிலத்தைப் பறிகொடுத்தவனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. அம்மா தேத்தண்ணியைத் திருப்பி உள்ளே கொண்டுபோனா. நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள். இதற்கெல்லாம் நான் பிழை கேட்கவேண்டும்.

தங்கச்சியே இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு, அந்த இல்லாத தங்கச்சியோடு பேரம் பேச உங்களுக்கு வெட்கமாக இல்லையா? ஒரு தொலைபேசி அழைப்பில் உங்கள் வேலைக்கு உலை வைக்க என்னால் முடியும். எண்ணை அழுத்தப் போனால் மேரே என் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறார். அது தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள். கெட்டிக்காரன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது வீண்போகவில்லை.

ஹேமியிடம் சொன்னேன். "உன் அம்மா, உன் முடிவு" என்று மட்டும் சொன்னார். பிறகு வெளியே போய், ஒரு பழுதும் இல்லாத வானின் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார்.

வருகிறேன். ஹேராவையும் கூட்டிவருகிறேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமிழ் பேச வராது, ஆனால் கேட்டால் விளங்கும். அவளுக்கு முன்னால் யாராவது அவளுடைய தகப்பனைப் பற்றி ஒரு சொல் சொன்னால் மேசையைக் கவிழ்த்துவிட்டு வருவேன். என்ன சொல்லவேண்டும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் எழுதித் தரவேண்டாம்.

பிரணவி


ஆல்பனி,
18 மார்ச் 2025

அன்புள்ள பிரணவிக்கு,

நன்றி என்ற சொல் போதாது. நீ விழுந்து எழும்பியதும் அம்மா ஹேராவைக் கட்டிப்பிடித்து அழுததை ஏரம்பமூர்த்தி மாமா தொலைபேசியில் படம் எடுத்து, பக்குரங்காவில் இருந்து டொராண்டோ வரைக்கும் அனுப்பிவிட்டார். "என்ர பிள்ளை எவ்வளவு வடிவாச் சொன்னவள் பாத்தியளே" என்று அம்மா எல்லோரிடமும் கேட்கிறா. நீ சொன்னதை மனப்பாடமாகச் சொல்லியும் காட்டுகிறா. "நடந்தவற்றால் உங்களுக்கு ஏற்பட்ட வேதனையை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். உங்கள் கண்ணியத்துக்கு நேர்ந்த பாதிப்புக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறேன். இன்று முதல் நம்பிக்கையில் எழுந்த புதிய உறவு ஒன்று தொடங்கட்டும்."

அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் உடம்பு கூசியது. நான் அரசாங்கத்துக்கு எழுதியதை நீ அப்படியே தமிழில் திருப்பி, என் அம்மாவின் காலடியில் வைத்திருக்கிறாய். நக்கல் என்று விளங்கியது. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மண்டபத்தில் அழாத ஆள் இல்லை. அந்த வசனங்கள் வேலைசெய்கின்றன, பிரணவி. நீயே கண்டாய்.

உன் வரி மேலே போயிருக்கிறது. பொறுமையாக இரு. அம்மா சனிக்கிழமைகளில் ஹேராவைக் கொண்டுவந்து விடச் சொல்கிறா. பால்புக்கை செய்து தருவாவாம்.

அன்புடன்,
அண்ணா


மாங்கரே,
27 ஏப்ரல் 2025

யசீகரன் அவர்களுக்கு,

நான்காவது வரைவு வந்தது. இதுதான் கடைசி என்று எழுதியிருக்கிறது. எலும்பும் இல்லை, தெருவும் இல்லை. 'ஆழ்ந்த வருத்தம்' மட்டும் 'மிக ஆழ்ந்த வருத்தம்' ஆகியிருக்கிறது.

உங்கள் பக்கத்துப் பேச்சுவார்த்தைக்காரர் ஒருவர், நல்ல மனிதர், ஹேமியோடு கோப்பி குடிக்கும்போது சொன்னார். ஹேமியின் குழு கடந்த வருடமே அந்த வரியைக் கேட்டிருந்தது. ஜனவரியிலேயே மேலிடம் முடியாது என்று உள்ளுக்குள் முடிவெடுத்து, குழுவுக்குச் சொல்லாமல் மூடிவிட்டதாம். அந்த முடிவை எழுதிவைத்தது நீங்களாம். நான் உங்களுக்குக் கடிதம் போட்டது பெப்ரவரியில். அதாவது, செத்துப்போன வரியைக் காட்டி என்னை அம்மாவின் காலில் விழவைத்திருக்கிறீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் ஹேரா காரில் என்ன கேட்டாள் தெரியுமா? "மம், டாடியைக் கலியாணம் கட்டினதுக்கா சொரி சொன்னாய்?" இல்லை என்றேன். "அப்படியென்றால் எதுக்கு?" என்றாள். மேரே அம்மாவுக்காக என்றேன். அவள் போய் மேரேயிடம் சொல்லிவிட்டாள். மேரே என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, "எனக்காக நிலத்தில் விழுந்தாயா?" என்று கேட்டார். பிறகு என் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "அப்படியென்றால் உன் அண்ணன் கட்டாயம் செய்வார்" என்றார். இப்போது அவரிடம் போய் நான் என்ன சொல்வது? அதற்கும் ஒரு வரைவு வைத்திருக்கிறீர்களா?

மே 31 அமைச்சர் எங்கள் குலம் கூடும் மராய் மண்டபத்துக்கு வருகிறார். உங்களுடைய மன்னிப்பைக் காதால் கேட்பதற்கு நாங்கள் முந்நூறு பேருக்குச் சமைக்கவேண்டும். வந்தவரைச் சாப்பிடவைத்து அனுப்புவதுதான் இவர்களுடைய முறை, வந்தவர் வீட்டைக் கொளுத்தினவராக இருந்தாலும். மத்தியானம் உங்களுக்கு இறைச்சி போடும் கை என்னுடையதாக இருக்கும்.

ஹேரா இனிச் சனிக்கிழமைகளில் வரமாட்டாள். அம்மாவிடம் காரணத்தை நீங்களே சொல்லுங்கள்.

பிரணவி


ஆல்பனி,
5 மே 2025

பிரணவி,

மறுக்கவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது.

உன்னை வரவைக்க வேறு வழி இருந்திருந்தால் சொல். அம்மா ஒவ்வொரு இரவும் உன்னுடைய பழைய பள்ளிக்கூடப் படத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுப்பதை நீ காணவில்லை, நான் கண்டேன். நான் கூப்பிட்டிருந்தால் நீ வந்திருப்பாயா? அம்மா கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்கமாட்டாய். மேரே அம்மா என்றதும் வந்தாய். பெற்ற தாய்க்காக வராதவள் மாமியாருக்காக வந்தாய் என்பது எனக்கும் நோகும், அதையும் எழுதிவைக்கிறேன்.

நான் பதினொரு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். கேட்டது முழுதும் கிடைத்த குலம் ஒன்றையும் நான் காணவில்லை. மன்னிப்பு தருவது நீதியை அல்ல, ஒரு முடிவை. இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்த பிறகு அந்த விஷயத்தை எடுத்துக்கொண்டு ஒருவரும் திரும்பி வரக்கூடாது. காணியில் கொஞ்சம், காசில் கொஞ்சம், பிள்ளைகளுக்குப் படிப்பு. கையெழுத்து வைக்காமல் விட்டால் அதுவும் இல்லை. ஹேமிக்கு இது தெரியும். அவர் கையெழுத்து வைப்பார். குடும்பமும் அப்படித்தான், ஓரிடத்தில் முற்றுப்புள்ளி வைக்கவேண்டும்.

நடந்ததற்கு வருந்துகிறேன். 31ஆம் திகதி தயவுசெய்து சபையில் சத்தம் போடாதே. பத்திரிகைக்காரர் வருவார்கள்.

யசீகரன்


ஆல்பனி,
2 ஜூன் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

இரண்டு நாளாக எனக்கு நித்திரை இல்லை. உன்னிடம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அமைச்சர் வாசித்து முடித்ததும் மேரே அம்மா சக்கர நாற்காலியில் இருந்து எழும்பி, உன் தோளைப் பிடித்துக்கொண்டு பேசினாவே. "நீங்கள் விட்ட ஒரு வரியை நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களின் எலும்புகளைப் போட்டுத் தெருப் போட்டீர்கள். இன்று காலை அதன்மேல் கார் ஓட்டித்தான் எங்களிடம் மன்னிப்புக் கேட்க வந்தீர்கள். வந்ததற்கு நன்றி. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்." எல்லோரும் கைதட்டினார்கள். அமைச்சரும் தட்டினார். என் மேலதிகாரி என் காதுக்குள், அருமையான பேச்சு, இதை அறிக்கையில் போடவேண்டும் என்றார். நானும் தட்டினேன்.

பிறகு வரிசை. ஒவ்வொருவரோடும் மூக்கோடு மூக்கும் நெற்றியோடு நெற்றியும் வைத்து மூச்சைப் பகிரவேண்டும் என்று எங்களுக்குப் பழக்கித்தான் கூட்டிப்போனார்கள். மேரே அம்மாவுக்குப் பக்கத்தில் நீ நிற்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீ கண்ணை மூடி நெற்றியை முன்னால் தந்தாய். சின்ன வயதில் காய்ச்சல் பார்க்க அம்மா அப்படித்தான் எங்கள் இரண்டு பேருக்கும் நெற்றி வைப்பா. நான் எல்லோருக்கும் முன்னால் விம்மி அழுதேன். நீ தள்ளிவிடவில்லை. அப்போது நீ என்னை மன்னித்துவிட்டாய் என்று எனக்கு விளங்கியது.

அம்மா இந்தமுறை தானாகவே சொன்னா: "ஹேமியையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லு. நான் அண்டைக்குச் செய்தது பிழை." இதை நான் எழுதிக்கொடுக்கவில்லை, சத்தியமாக. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டுக்கறி, புட்டு. எல்லோரும் வாருங்கள்.

உன் அண்ணா


மாங்கரே,
29 ஜூன் 2025

யசீகரன்,

நீ கூப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வரவில்லை. அம்மா சமைத்து வைத்துக்கொண்டு பின்னேரம் வரை காத்திருந்தா என்று ஏரம்பமூர்த்தி மாமா ஹேமிக்குச் செய்தி அனுப்பினார். காத்திருக்கட்டும். அவ சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது உன் கைப்பட வந்தது. உன் கைப்பட வரும் எதையும் இனி நான் வாங்கமாட்டேன். அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு நல்ல சொல் போய்வர இருந்த ஒரே பாதையை நீ கெடுத்துவைத்திருக்கிறாய். அந்தப் பொல்லாப்பு அம்மா சாகும்வரை உன் தலையில்தான்.

வரிசையில் நான் நெற்றி தந்ததைப் பற்றி எழுதியிருந்தாய். அன்றைக்கு அந்த இடத்தில் நாய் வந்து நின்றிருந்தாலும் தந்திருப்பேன். அது இவர்களுடைய முறை. மேரே என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் நானும் செய்தேன். நீ அழுதது என் சட்டைத் தோளை நனைத்தது, அவ்வளவுதான். பின்னால் போய் மாற்றிக்கொண்டுதான் இறைச்சி பரிமாறினேன்.

மேரே போன புதன்கிழமை காலமானார். மூன்று நாள் மராயில் வைத்திருந்து, நேற்று அடக்கம் செய்தோம். நீ வந்துவிடப்போகிறாய் என்று ஹேமியிடம் சொல்லி, வாசலில் ஆள் நிறுத்த இருந்தேன். ஹேமி தலையை ஆட்டினார். "எங்கள் வாசலில் நாங்கள் ஒருவரையும் நிறுத்துவதில்லை" என்றார். நீ வரவில்லை. நல்லது.

செவ்வாய் இரவு அவருக்கு மூச்சு வாங்கியது. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் வைத்துக்கொண்டார். "அன்று வரிசையில் அழுத பையன் உன் அண்ணன்தானே. உன் கண்தான் அவனுக்கும்" என்றார். ஓம் என்றேன். "அவன் அந்த வரியை எழுதியிருப்பான், மேலே இருக்கிறவர்கள் வெட்டியிருப்பார்கள்" என்றார். நான் போர்வையை இழுத்துவிட்டேன். "அவனை மன்னித்துவிடு. நான் இதையெல்லாம் சுமந்துகொண்டு போகவில்லை, நீயும் சுமக்காதே. மன்னித்தேன் என்று எனக்குச் சொல்லு, நான் போகிறேன்" என்றார்.

பதினான்கு வருடமாக என்னை மகளே என்று கூப்பிட்ட மனுசி. உன் மண்டப வாசலில் இருந்து நான் திரும்பி வந்த நாளில், என்னைக் கட்டிலில் கிடத்தித் தலையைத் தடவி, எனக்குத் தெரியாத ஒரு பாட்டை விடியும்வரை பாடியவர். அவரிடம் நான் எதையும் மறைத்ததில்லை. அன்று குனிந்து, அவர் காதுக்குள், "மன்னித்துவிட்டேன் அம்மா, முழு மனதோடு" என்றேன். நம்பினார். என் கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு சிரித்தார். விடிவதற்குள் போய்விட்டார்.

மேரேயிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அதையும் உனக்காகச் சொல்லவேண்டி வந்தது.

பிரணவி